புள்ளிக்கு அப்புறம் நாலாவது எண்

ஒன்பது ரூபாய்!

காலையில் டீ குடித்த கையோடு போனை எடுத்து, மத்தியானச் சோறு ஆறி அவலாகும்வரை அதையே முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, “இன்னிக்கி ஒம்பது ரூபா வந்துச்சு நஸீமா” என்று ஒரு மனுஷன் வந்து நின்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? எனக்கு வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் வாட்ச்மேனிலிருந்து டெம்போக்காரர்வரை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த மனுஷன் என் வீட்டுக்காரர் அமீனுதீன். பதினாலு வருஷம் சவூதியில், தம்மாமில் ஒரு ஏ.சி. கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் வருவார். கூட்டிப் பார்த்தால் பதினாலு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது பதினாலு மாதம். இந்த மார்ச்சில்தான் கணக்கை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தார். அவர் சட்டை வீட்டுக் கொடியில் தினமும் காய்வதைப் பார்க்கவே எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

அவர் இல்லாத காலத்தில் நான் பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து பீங்கான் பியூஸ் கட்டை போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று பெண்கள், ஒரு பிரஸ். சூளைதான் சொந்தமில்லை. காய்ந்த கட்டையை அடுத்தவர் சூளைக்குக் கொண்டுபோய், டிராலிக்கு இவ்வளவு என்று கொடுத்துச் சுட்டு வாங்க வேண்டும். மிஞ்சுவதெல்லாம் அந்த வாடகையிலேயே போய்விடும். சொந்தமாக ஒரு கேஸ் சூளை போட்டால் இரண்டு பேரும் இங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம். போடாவிட்டால் அவர் மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான். பேங்கில் லோன் தருகிறோம், உங்கள் பங்கு இரண்டு லட்சத்து இருபதாயிரம் காட்டுங்கள் என்றார்கள். சரியாக அவ்வளவுதான் அவரிடம் மிஞ்சியிருந்தது.

நடுவில் தம்மாமிலிருந்து அந்தக் கம்பெனிக் கணக்கர் பாலகிருஷ்ணன் வேறு போன் மேல் போன். விசா ரெடியாக இருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன், இல்லை என்று ஏதாவது ஒன்று சொல்லிவிடு என்று. இவர் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை. கேட்டு, போகிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

லோன் கைக்கு வர அடுத்த மாதக் கடைசியாகும் என்றார்கள். அதுவரை பணம் சும்மா கிடப்பானேன் என்று, தம்மாமில் கூட இருந்த கூட்டாளி ஒருவர் இவருக்கு ஒரு ஆப்பைக் காட்டிவிட்டார். யூரோவை வாங்கி டாலரில் விற்பதாம். முஸ்லிம்களுக்கென்று தனியாக வட்டியில்லாத கணக்கு இருக்கிறதாம். ஆனால் அந்தக் கணக்குத் திறக்க இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர் போட வேண்டுமாம். நம் பணத்தில் அதுதான் இரண்டு லட்சத்து இருபதாயிரம். மொத்தத்தையும் கொண்டுபோய் அதில் வைத்தார். “பணம் அப்படியேதான் கிடக்குது. அதுலேருந்து துளியூண்டு எடுத்துதான் வெளையாடறேன். அடுத்த மாசக் கடைசில மொத்தமா எடுத்துடுவேன்” என்றார்.

துளியூண்டு என்றால் நிஜமாகவே துளியூண்டு. அளவு போடும் கட்டத்தில் எப்போதும் 0.01 என்றுதான் வைப்பார். பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், ஒன்று.

“இது என்னாங்க கணக்கு? நூத்துல ஒரு பங்கு பியூஸ் கட்டையை எவனாச்சும் சுடுவானா? ஒண்ணு போடுங்க, ரெண்டு போடுங்க. பூஜ்யத்தைப் போட்டுக்கிட்டு ஒம்பது ரூபா வந்துச்சுன்னு பல்லைக் காட்டிக்கிட்டு” என்று ஒருநாள் கத்தினேன்.

“நஸீமா, அளவு தெரியாம பேசாத. விலையில புள்ளிக்கு அப்புறம் நாலாவது எண்ணு இருக்குது பாரு, அது ஒண்ணு நகந்தா எனக்கு ஒம்பது ரூபா. அந்த நாலாவது எண்ணுலதான் சூட்சுமமே இருக்குது.”

திரையைக் காட்டினார். 1.1652 என்று இருந்தது. கடைசியில் இருந்த இரண்டு, மூன்றானது. மறுபடி இரண்டானது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் தொழிலில் பச்சைக் கட்டை சூளைக்குள் போய் வந்தால் சுருங்கும். அச்சு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அரை மில்லிமீட்டர் இப்படி அப்படித்தான் வரும். எந்தப் பார்ட்டியும் அரை மில்லிக்காகச் சரக்கைத் திருப்பியதில்லை. புள்ளிக்கு அப்புறம் முதல் எண்ணையே நாங்கள் கண்டுகொள்வதில்லை, இவர் நாலாவது எண்ணுக்கு உட்கார்ந்து காவல் காக்கிறார். “அரை மில்லிக்கே நாங்க கண்ணை மூடிக்குவோம். நீங்க பூதக்கண்ணாடி வச்சிப் பாருங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அவர் மேற்கொண்டு சொல்ல வந்ததைக் காதில் வாங்கவில்லை. நான் எப்போது வாங்கினேன்?

அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் இரண்டு பெட்டிக் கட்டையை பார்சல் ஆபீசில் போட்டுவிட்டு, அப்படியே மஃரிப் தொழுதுவிட்டு வருகிறேன் என்று பைக்கில் கிளம்பினார். போனில் சார்ஜ் இல்லை. ஷெட்டில் என் மேஜைமேல் சொருகிவிட்டுப் போனார். போகும்போது, “தொழுதுட்டு வந்து பாலகிருஷ்ணன் சாருக்குப் பேசிடறேன்” என்றார். என்ன பேசப்போகிறார் என்று சொல்லவில்லை. பயம் என்னிடத்தில் கோபமாகத்தான் வெளியே வரும். ஐந்து மாதமாக ஒரு ஆள் வீட்டில் இருக்கிறார், ஒன்பது ரூபாயும் பதினெட்டு ரூபாயும் சம்பாதிக்கிறார், இதையே சாக்காக வைத்து ‘இங்கே ஒன்றும் ஓடவில்லை, நான் போகிறேன்’ என்று சொல்லிவிட்டால்? வருமானம் கொஞ்சம் கண்ணில் பட்டால் இருந்துவிடுவார் இல்லையா?

போனை எடுத்தேன். தினமும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவள்தானே. ஆப்பைத் திறந்தேன். கட்டத்தில் 0.01 இருந்தது. அதை அழித்தேன்.

எத்தனை போடலாம்? இங்கேதான் நான் கெட்டேன். புதுக் களிமண்ணோ, மேலே பளபளப்புக்குப் பூசும் புது கிளேஸோ வந்தால் எங்கள் பேட்டையில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். முழுச் சரக்கையும் ஏற்ற மாட்டோம். மூன்றே மூன்று கட்டையை வைப்போம். டிராலியின் மேல்தட்டில் ஒன்று, நடுத்தட்டில் ஒன்று, அடித்தட்டில் ஒன்று. சூடு எங்கே எப்படி என்று தெரிந்துவிடும். வெடித்தால் மூன்று கட்டைதான் போகும், தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அதற்குமேல் ஒரு நஷ்டம் உண்டென்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. அதனால் மூன்று என்று போட்டேன். அவர் எப்போதும் அழுத்தும் நீல பட்டனை அழுத்தினேன். டிங் என்று ஒரு சத்தம் வந்தது.

பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் நீல எழுத்தில் 360 என்று நிற்கிறது. முந்நூற்று அறுபது ரூபாய்! எங்களிடம் கிளேஸ் முக்கும் உபகாரமேரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பாத்தியா மேரி? எங்க வூட்டுக்காரர் ஒரு மாசம் ஒக்காந்து சம்பாரிக்கறதை நான் ஒரு டீ ஆறதுக்குள்ள சம்பாரிச்சிட்டேன்.” மேரி கையெல்லாம் கிளேஸ் என்று எட்டவே நின்று சிரித்தாள்.

டெம்போ வந்துவிட்டது. அட்டைப்பெட்டி எண்ணி ஏற்றிவிட்டு வந்தேன். மணி ஆறைத் தாண்டியிருந்தது. நீலம் சிவப்பாகியிருந்தது. −420. சரி, வந்ததும் போய் மேலே நானூற்று இருபது ரூபாயும் போய்விட்டது என்று நினைத்தேன். மூன்று கட்டை வெடித்தது என்று வைத்துக்கொள்வோம். கை கழுவப் போய்விட்டு வந்தேன். −990. கண்ணைக் கசக்குவதற்குள் −1,080.

“மேரி, இங்க வாயேன். இது என்னா இப்புடி ஓடுது?”

மேரி இந்தத் தடவை கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். அவள் தம்பி ஜோ கப்பலில் வேலை செய்கிறவன், அவளுக்கு டாலரில்தான் பணம் அனுப்புவான்.

“அக்கா, இது ரூபா இல்லக்கா. ஓரத்துல பாரு, யூ.எஸ்.டி.ன்னு போட்டிருக்குது. டாலருக்கா.”

“என்னாது?”

“ஆயிரத்தி எண்பது டாலருக்கா. மாதாவே, இது ஒரு லட்சத்துக்கிட்ட வரும்.”

காது அடைத்துக்கொண்டது. பிரஸ் ஓடும் சத்தம் கேட்கவில்லை. மேரியின் வாய் அசைவது தெரிந்தது, என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. மூன்று கட்டைக்கு ஒரு லட்சமா? மூன்றே மூன்றுக்கா?

மேஜை டிராயரில் பழைய டெலிவரி சலான் புத்தகம் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கங்களில் அவர் இந்த வியாபாரத்தைப் பற்றி எழுதி வைப்பார். பொடிப்பொடியான எழுத்து, ஸ்டோர் கீப்பர் எழுத்து. முதல் பக்கத்திலேயே இருந்தது.

‘0.01 என்றால் 1,000 யூரோ. 0.10 என்றால் 10,000 யூரோ. 1 என்றால் ஒரு லட்சம் யூரோ. நாலாவது எண் ஒன்று நகர்ந்தால் 0.01-க்கு 9 ரூபாய். 1-க்கு 880 ரூபாய். 1 பக்கமே போகக் கூடாது.’

அதன் கீழே இரண்டு கோடு போட்டு இன்னொன்று: ‘மாத முதல் வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு அமெரிக்காவில் வேலைக் கணக்கு வெளியாகும், விலை தாறுமாறாக ஓடும். அன்று கையே வைக்கக் கூடாது.’

அன்றைக்கு மாதத்தின் முதல் வெள்ளி. நான் போட்டது மூன்று. மூன்று லட்சம் யூரோ. நான் பார்த்துச் சிரித்தேனே, அந்த நாலாவது எண், அது ஒரு தடவை கண் சிமிட்டினால் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். திரையில் அது இறங்கிக்கொண்டே இருந்தது. 1.1611. 1.1608. 1.1603. ஒவ்வொரு எண்ணுக்கும் மேரியின் ஒரு வாரக் கூலிக்கு மேல்.

மூடிவிடலாம் என்றால் எப்படி மூடுவதென்று தெரியவில்லை. அவர் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன், மூடுவதைப் பார்த்ததில்லை. அந்த வரியைத் தட்டினேன், ஏதேதோ எண்கள் விரிந்தன. மறுபடி தட்டினேன், சுருங்கின. நீல பட்டனைத் தொட விரல் போனது. அதைத் தொட்டால் இன்னும் மூன்று வாங்கிவிடுமோ என்று கையை உதறினேன்.

“பள்ளிவாசலுக்குப் போக்கா! அண்ணன் அங்கதான இருப்பாரு” என்று மேரி கத்தினாள்.

ஸ்கூட்டியை எடுத்தேன். எப்படி ஓட்டினேன், யார் மேல் மோதாமல் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பள்ளிவாசல் தெருவில் கடைகளெல்லாம் பாதி ஷட்டர் போட்டிருந்தன, எல்லோரும் உள்ளே போயிருந்தார்கள். வாசலில் செருப்புகள் நிறைந்து கிடந்தன. இமாம் ஓதும் குரல் ஒலிபெருக்கியில் நிதானமாக வந்துகொண்டிருந்தது. தொழுகை நடக்கிறது. உள்ளே நிற்கிறவரை யார் கூப்பிட முடியும்? கூப்பிட்டால்தான் திரும்புவாரா?

எதிரே டீக்கடை ஓரத்தில் நின்றேன். போன் என் கையில். −1,980. உள்ளே ருக்கூவுக்குக் குனிகிறார்கள். −2,070. நான் யாரிடமும் பயந்து பேசாதவள், பாக்கி தராத பார்ட்டியை வேப்பூர்வரை துரத்திப்போய் லாரியை மறித்தவள், இருபதடி தூரத்தில் இருக்கும் என் புருஷனைக் கூப்பிட முடியாமல் நின்றேன். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்றுதான் வாய் சொன்னது. −2,190. −2,340.

திடீரென்று சிவப்பு மறைந்துவிட்டது.

அந்த வரியே இல்லை. திரை வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூடிக்கொண்டுவிட்டது, போனது போக மீதி தப்பித்தது என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். டீக்கடைக்காரரைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன்.

ஜனம் வெளியே வந்தது. அவர் செருப்பைத் தேடிக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

“என்னா நஸீமா? யாருக்கு என்னா?”

“ஒண்ணுமில்லீங்க. உங்க போனுல... நான் கொஞ்சம் போட்டுட்டேன். இப்ப அதுவே சரியாயிடுச்சு.”

வாங்கிப் பார்த்தார். அவர் கண் திரையின் மேல்பக்கம் ஒரு சின்ன எண்ணில் போய் நின்றது. நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை. 112 என்று இருந்தது.

“எத்தினி போட்ட?”

“மூணு.”

“பாயிண்ட் ஜீரோ மூணா?”

“இல்லீங்க. மூணு.”

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பேயறைந்த முகம் என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன்.

“அது சரியாவல நஸீமா. பணம் தீந்துபோச்சுன்னா அதுவே மூடிக்கும். அதான் மூடிக்கிச்சு.”

“அப்ப மீதி?”

“இந்த நூத்திப் பன்னெண்டு டாலருதான் மீதி. பத்தாயிரம்கூட வராது.” பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, “மூணு கோடி ரூபா சரக்கு நம்ம பேர்ல நின்னுருக்குது. மூணு கோடி. அந்த வரிமேல வெரலை அழுத்திப் புடிச்சிருந்தா போதும், மூடிட்டிருக்கும்” என்றார்.

“மூணு கோடியா? கையில இருக்கறது ரெண்டு லட்சம், அவன் எப்புடிங்க மூணு கோடிக்கு விட்டான்?”

“விடுவான். அதுதான் அவன் பொழப்பே.”

“வாங்க, போலீசுக்குப் போவோம். நான் பேசறேன்.”

“போவ முடியாது. இந்த ஆப்புல போடறதே நம்ம நாட்டுல கூடாதாம். பேங்குல கேட்டா நம்மளத்தான் திட்டுவாங்க.”

அப்போதுதான் எனக்குப் பழைய கோபம் திரும்பியது. “தெரிஞ்சுதான் போட்டீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?” என்று நடுத்தெருவில் கத்தினேன். தொழுதுவிட்டுப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ‘அறிவில்லையாடி உனக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அவர் சொல்லவில்லை. “தப்பு என்னுதுதான். பூட்டு போட்டு வச்சிருக்கணும்” என்றார். அது என்னைக் கொன்றுவிட்டது.

போனில் பாலகிருஷ்ணன் நம்பரை எடுத்தார். “இன்னிக்கி வரலன்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். உள்ள நின்னு அதுக்குத்தான் துஆ செஞ்சிட்டு வந்தேன். நம்ம சூளையைப் பாத்துக்கறேன், என்னை விட்டுடுங்க சார்னு அவருகிட்ட சொல்றதா இருந்தேன்” என்றார்.

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பாலகிருஷ்ணன் முதல் ரிங்கிலேயே எடுத்தார். தம்மாமில் வெள்ளிக்கிழமை லீவு. அந்த ஆள் பேசுவது எப்போதும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். என்னப்பா முடிவு என்றார். “வரேன் சார்” என்றார் இவர். இரண்டு வருஷ காண்ட்ராக்ட், இருபதாம் தேதிக்குள் டிக்கெட் அனுப்புகிறேன் என்று அங்கிருந்து கேட்டது. நல்லது, நல்லது என்று சிரித்தார். அப்புறம், “வூட்ல கேட்டியாப்பா? அவங்களுக்குச் சம்மதமா?” என்றார்.

இவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி என்னைப் பார்த்தார். பதினாலு வருஷத்தில் இந்தக் கேள்வியை அந்தக் கம்பெனியில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், வேண்டாம், அனுப்ப மாட்டேன் என்று தொண்டை கிழியச் சொல்லியிருப்பேன். இன்றைக்குக் கேட்கிறார்கள். என் விரல்தான் இவரை அனுப்புகிறது. நான் தலையை ஆட்டினேன்.

“சம்மதம்தான் சார்” என்றார் அவர்.